பதினேழாம் கேள்வியைத் திருத்திய எங்கள் ஆறுசொல் அம்மாவுக்கு

மூன்றாம் மாடியின் முடிசூடா முதல்வியே! இருபத்திரண்டு ஆண்டுகள் இந்தப் பயிற்சி நிலையத்தின் பலகைக்கு முன் நின்று, பொருளைப் பொன்போல் காத்து, பொய்யைப் புழுதியென ஊதித் தள்ளிய பெருந்தகையே! மேனிலை ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்க வந்தவர்க்கெல்லாம், ஒரு வாக்கியத்தை அதன் உயிர் போகாமல் வேறொரு வாக்கியமாக மாற்றி எழுதக் கற்றுத் தந்த வித்தகியே! பச்சைப் பேனா ஏந்திய பண்பின் வடிவே! தங்களைப் போற்றி, தங்களோடு பணிபுரிந்த எழுவர் எழுதி, இந்தப் பெரிய வகுப்பறையில் கூடியிருக்கும் அனைவர் முன்னும் படித்தளிக்கும் மடல் இது.

இதே நடையில் இன்னும் ஒரு வரி போனால் அந்தப் பச்சைப் பேனா வெளியே வந்துவிடும் என்று எங்களுக்குத் தெரியும். "எத்தனை அடைமொழி? ஒன்னு வெச்சுக்கிட்டு மிச்சத்தை வெட்டுங்க" என்பீர்கள். வெட்டிவிட்டோம். 'தாங்கள்' என்பதையும் இத்தோடு விட்டுவிட்டு, தினமும் பேசியது போலவே 'நீங்கள்' என்று தொடர்கிறோம்.

முதலில் ஓர் அறிவிப்பு. முன்வரிசையின் நடுவில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்கள் கையில் ஒரு தாள் இருக்கிறது. இப்போது படிக்கப்படுவது அந்தத் தாள் அன்று. இங்கே எந்தப் பாராட்டு மடலும் இயக்குநர் பார்வைக்குப் போய்விட்டுத்தான் மேடைக்கு வரவேண்டும் என்பது வழக்கம். எங்கள் மடலும் போனது. போன வேகத்தில் சிவப்பு மை பூசிக்கொண்டு திரும்பியது. 'பொய்ப்பழி சுமத்தி வெளியேற்றப்பட்ட' என்று நாங்கள் எழுதியிருந்த இடத்தில், 'உடல்நலம் கருதித் தாமே ஓய்வை நாடிய' என்று மாற்றப்பட்டிருந்தது.

உடல்நலமா! மின்தூக்கிக்காகக் கீழே காத்து நின்று நாங்கள் மேலே வந்து சேர்வதற்குள், மூன்று மாடியையும் படியேறி வந்து, பலகையைத் துடைத்து, தேதியும் எழுதி வைத்திருப்பவர் நீங்கள். இருபத்திரண்டு ஆண்டில் நீங்கள் எடுத்த மருத்துவ விடுப்பைக் கணக்கிட ஒரு கைவிரல் போதும். ஒரு வாக்கியத்தை வேறு சொற்களில் எழுதும்போது பொருள் இப்படித் தலைகீழானால் உங்கள் வகுப்பில் என்ன விழும் என்று இந்த அறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். முட்டை. முழு முட்டை. அந்த மதிப்பெண்ணைப் போட்டு, அந்தத் தாளைத் திருத்தியவரிடமே திருப்பித் தந்துவிட்டோம்.

ஆகவே இது திருத்தம் பெறாத மடல். படிப்பவர் நம் இலக்கண ஆசிரியர். ஒவ்வொரு காற்புள்ளியிலும் நின்று மூச்சு வாங்குவதால் மாணவர்கள் அவருக்குச் சூட்டிய பெயர் காற்புள்ளி சார். இன்று அவருக்கு மூச்சு வாங்க வேறு காரணமும் உண்டு. இதில் அவரைப் பற்றியும் வருகிறது. "என்னைப் பத்தி வர்றதை நானே படிக்கிறேன், யாரும் பூசி மெழுகாதீங்க" என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆறுசொல் அம்மா என்ற பெயர் உங்களுக்கு எப்படி வந்தது? தேர்வில் ஒரு வாக்கியம் தருவார்கள். கூடவே ஒரே ஒரு சொல் தருவார்கள். அந்தச் சொல்லைச் சிறிதும் மாற்றாமல் உள்ளே வைத்து, ஆறு சொல்லுக்கு மிகாமல், முதல் வாக்கியம் சொன்னதையே திருப்பிச் சொல்லவேண்டும். மற்ற நிலையங்களில் இதற்கு ஒரு புத்தகத்தைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். உங்கள் மேசையில் இருந்தது ஒரு பழைய பிஸ்கட் டின்.

மாணவர்கள் ஒவ்வொருவரும், அந்த வாரம் யாரோ தம்மிடம் சொல்லி, பதில் சொல்ல முடியாமல் நின்ற ஒரு வாக்கியத்தைச் சீட்டில் எழுதி அந்த டின்னில் போடவேண்டும். 'இது என் மேசைக்கு வராது.' 'உங்களுக்கு முன்னாலேயே சொல்லியாச்சே.' 'வீடு கொடுக்கிறதா இல்ல, வேற இடம் பாருங்க.' ஒரு சீட்டை எடுப்பீர்கள். ஆங்கிலத்தில் பலகையில் எழுதுவீர்கள். பக்கத்தில் ஒரு சொல்லைத் தந்து வட்டமிடுவீர்கள். வகுப்பே குனிந்து எழுதும். வாரம் முழுதும் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்த வாக்கியம், ஆறு சொல்லுக்குள் அடங்கி, பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடிய ஓர் எளிய பிராணியாய்ப் பலகையில் நிற்கும். சாலையில் ஓடும் வண்டிகளின் சத்தம்கூட அப்போது எங்கோ தொலைவிலுள்ள கடலைப் போல் கேட்கும்.

தவறாக எழுதியவரிடம் விதியைச் சொல்லமாட்டீர்கள். ஒரே கேள்விதான் கேட்பீர்கள். "நீ மாத்தினதுல பழி யார் மேல விழுது, பார்." சொல்லை மாற்றலாம், வரிசையை மாற்றலாம், செய்ததையும் செய்தவரையும் மாற்றக்கூடாது. இருபத்திரண்டு ஆண்டுகளில் நீங்கள் கற்பித்த ஆங்கிலம் இதுதான். வாழ்க்கையில் எங்களுக்குத் தேவைப்பட்டதும் இதுதான்.

கடைசி வரிசையில் இப்போது நின்றுகொண்டிருக்கும் பல்செட் அண்ணனை எல்லோருக்கும் தெரியும். பல் மருத்துவமனைக்குப் பின்னால் ஒரு சிறிய அறையில், அச்செடுத்துப் பொய்ப்பற்கள் செய்து தருபவர். அவர் மனைவி வெளிநாட்டில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார். மகளும் அங்கேதான் படிக்கிறாள். இந்தத் தேர்வில் தேறினால்தான் அண்ணனுக்கு அங்கே போக அனுமதி கிடைக்கும். சுவரில் இருக்கும் உலக வரைபடத்தில் அந்த ஊரின் மேல் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்தவர் அவர்தான். வகுப்புக்கு வரும்போதெல்லாம் அந்தப் பொட்டைப் பார்ப்பார். அங்கே இப்போது வெளிச்சமா இருட்டா, பனியா மழையா என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரியும்.

அவருடைய தொல்லை ஒன்றுதான். எதையும் சுருக்கிச் சொல்ல வராது.

"அம்மா, ஆறு சொல்லுல எங்க வீட்ல 'வாங்க, உக்காருங்க' கூட முடியாதும்மா" என்று அவர் சொன்னது நினைவிருக்கிறதா?

"பல்லு செய்யும்போது மட்டும் முப்பத்திரண்டுக்கு மேல ஒன்னு கூட வைக்க மாட்டேங்கிறீங்களே அண்ணே" என்றீர்கள். "அதே அளவை இங்கயும் வைங்க."

வகுப்பு சிரித்து ஓய்வதற்குள் அண்ணன் எழுதி முடித்திருந்தார். ஆறு சொல். இரண்டு முறை தோற்ற மனிதர், மூன்றாம் முறைக்கு அன்றுதான் தயாரானார். அனுமதிக்கு வயது வரம்பு உண்டு. இதை விட்டால் அவருக்கு வேறு முறை இல்லை.

இனி பதினேழாம் கேள்வி.

போன ஆண்டு இயக்குநர் அவர்கள் மனப்பாடத்துக்கு ஒரு விடைப் புத்தகம் எழுதினார். முந்நூறு வாக்கியங்கள், அட்டையில் அவர் புகைப்படம். தேர்வுக்குப் பரிந்துரைக்கத் தகுதியானவர் யார் என்று பார்க்க நாம் நடத்தும் முன்தேர்விலும் இம்முறை கேள்விகள் அதிலிருந்தே எடுக்கப்பட்டன. பதினேழாவதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும். 'காவலாளி நேரத்துக்கு முன்பே கதவைப் பூட்டியதால் பயணிகளால் வண்டியைப் பிடிக்க முடியவில்லை.' தந்த சொல், காரணம்.

நீங்கள் கற்பித்தபடி எழுதினால், 'பயணிகள் வண்டியைப் பிடிக்க முடியாததற்குக் காரணம் காவலாளி.' புத்தகத்தில் இருந்த விடை, 'வண்டியைப் பிடிக்க முடியாததற்குக் காரணம் பயணிகளின் தாமதம்.' நேரத்துக்கு வந்து, பூட்டிய கதவுக்கு வெளியே பெட்டியோடு நின்றவர்கள் மேலேயே பழி! ஆறு சொல் கணக்கு சரியாக இருக்கிறது. நியாயம்தான் இல்லை.

முன்தேர்வை இருபத்து மூன்று பேர் எழுதினார்கள். பதினாறு பேர் சரியான விடையை எழுதினார்கள். பதினாறு பேருக்கும் பூஜ்யம் விழுந்தது. அந்த இரண்டு மதிப்பெண் போனதால் ஒன்பது பேர் பரிந்துரை எல்லைக்குக் கீழே போனார்கள். பல்செட் அண்ணன் அதில் ஒருவர்.

பூஜ்யம் போட்டவர் காற்புள்ளி சார்.

அவர் கெட்டவர் இல்லை. அன்று மதியம் ஆசிரியர் அறையில் மின்விசிறி ஓடவில்லை. அச்சிட்ட விடைத்தாளை இடப்பக்கம் வைத்து, மாணவர் தாளை வலப்பக்கம் வைத்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே போனார். கேள்வியை அவர் படிக்கவே இல்லை. பதினாறு தாளில் ஒரே விடை வந்தபோது, மாணவர்கள் பார்த்து எழுதிவிட்டார்கள் என்று எரிச்சல்கூடப் பட்டார். சட்டைப்பையில் பேனாவைச் செருகிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். தேநீர் அன்று நன்றாக இருந்ததாக அவருக்கு இன்றும் நினைவிருக்கிறது. அதுதான் அவரை அதிகம் உறுத்துகிறது.

மறுநாள் பல்செட் அண்ணன் தன் தாளோடு உங்கள் முன் வந்து நின்றார். "நீங்க சொன்ன மாதிரிதாம்மா எழுதினேன். எங்க தப்புன்னு மட்டும் சொல்லுங்க, திருத்திக்கிறேன்." அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். நீங்கள் தாளை வாங்கிக்கொண்டு காற்புள்ளி சாரிடம் வந்தீர்கள்.

"சார், பதினேழைக் கொஞ்சம் படிங்க."

"அதுல என்ன மேடம், புத்தகத்துல இருக்கிறதுதானே?"

"புத்தகத்தை மூடிட்டுப் படிங்க. பழி யார் மேல விழுது?"

சார் படித்தார். ஒரு முறை காற்புள்ளியோடு, ஒரு முறை காற்புள்ளி இல்லாமல். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "ஐயோ மேடம்" என்றார்.

நீங்கள் அவரைக் குறை சொல்லவில்லை. பதினாறு தாளிலும் பூஜ்யத்தை அடித்து, பச்சை மையில் இரண்டு போட்டு, பக்கத்திலேயே கையெழுத்தும் தேதியும் இட்டு, காரணத்தையும் எழுதினீர்கள். களவு செய்பவர் யாராவது தேதி போட்டுக் கையெழுத்திடுவாரா? பிறகு நேரே இயக்குநர் அறைக்குப் போனீர்கள். அந்த அறைக்கும் பதிவேட்டு அக்காவின் மேசைக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய பலகைத் தடுப்பு. தேர்வு விண்ணப்பங்களை எல்லாம் பதிந்து அனுப்பும் அக்காவுக்கு, அந்தப் பக்கம் ஊசி விழுந்தாலும் கேட்கும். அன்று விழுந்தது ஊசி இல்லை.

"ரெண்டாயிரம் காப்பி அடிச்சாச்சு மேடம். ஒரு கேள்விக்காகத் தூக்கிப் போட முடியுமா?"

"தூக்கிப் போட வேணாம் சார். சரியான விடையை ஒரு சின்னத் துண்டுல அச்சடிச்சு அந்த இடத்துல ஒட்டினாப் போதும். நானே உக்காந்து ஒட்டித் தர்றேன்."

"ஒட்டினா அட்டையில இருக்கிற என் மூஞ்சியைப் பாத்துச் சிரிப்பாங்க."

"சிரிச்சுட்டுப் போகட்டுமே சார். இங்க ஒன்பது பேரு அழுறாங்க."

பிறகு இயக்குநர் குரல் இறங்கி வந்தது. "என் அனுமதி இல்லாம மார்க்கைத் திருத்தியிருக்கீங்க. வெளியில இதுக்குப் பேரு மோசடி. நான் தேர்வு வாரியத்துக்கு ஒரு வரி எழுதினா, உங்க பேரும் போயிடும், அந்த ஒன்பது பேரையும் எந்த நிலையமும் சேர்க்காது. நீங்களாவே ஓய்வுன்னு எழுதிக் குடுத்துடுங்க. விஷயம் இந்த ரூமோட முடிஞ்சுடும்."

"ஒன்பது பேரைப் பட்டியல்ல சேர்ப்பீங்களா?"

"சேர்க்கிறேன்."

"வாக்குக் குடுக்கிறீங்களா?"

"குடுக்கிறேன் மேடம்."

விதிப்படி உங்களுக்கு இன்னும் பதினொரு மாதம் பணி இருந்தது. நீங்கள் ஒரு தாளைக் கேட்டு வாங்கி எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த வகுப்புக்கு மணி அடிப்பதற்குள் மூன்றாம் மாடிக்கு ஏறிவிட்டீர்கள். அந்தத் தாளைக் கோப்பில் வைத்தவர் பதிவேட்டு அக்கா. அதில் இருந்தது இவ்வளவுதான். 'நான் ஓய்வு பெறுகிறேன். ஒன்பது பேரையும் சேருங்கள்.' அக்கா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஆறு சொல். எண்ணிவிட்டுத் தட்டச்சுப் பலகை மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

அன்றிலிருந்து இந்தக் கட்டடத்தின் தாழ்வாரங்களில் என்ன பேச்சு நடந்தது என்பது உங்கள் காதுக்கும் எட்டியிருக்கும். 'மார்க் திருத்தி மாட்டிக்கிட்டாங்களாம்.' யார் இந்தப் பேச்சைக் கிளப்பியது? விஷயம் அறையோடு முடியும் என்றவர் யார்? நீங்கள் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. சொன்னால் அந்த ஒன்பது பேருக்கு ஆபத்து என்று, இருபத்திரண்டு ஆண்டுப் பெயரைச் சேற்றில் விட்டுவிட்டு, வழக்கம்போல் பலகையைத் துடைத்துத் தேதி எழுதினீர்கள். அதைப் பார்த்துக்கொண்டு நாங்கள் ஏழு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். இந்த மடலில் எங்களுக்கு எங்கள் மேலேயே இருக்கும் கோபம் தெரிந்தால் அது சரிதான். இருக்கத்தான் வேண்டும்.

முந்தாநாள் இயக்குநர் அறையிலிருந்து பட்டியல் வந்தது. எத்தனை பெயர் என்று நினைக்கிறீர்கள்? பதினான்கு! ஒன்பது பேரில் ஒருவர்கூட இல்லை. அக்கா உள்ளே போய்க் கேட்டார்.

"வாக்குக் குடுத்தீங்களே சார்?"

"அந்தம்மா போறாங்களே, இனி யாரு கேக்கப் போறா?"

யார் கேட்பார்கள் என்றா? நாங்கள் கேட்கிறோம்! நெஞ்சில் கைவைத்துப் பதினொரு மாத வேலையை எழுதிக் கொடுத்த ஒருவரை இப்படி ஏமாற்ற எப்படி மனம் வந்தது? வாசலில் நேரத்துக்கு வந்து நின்றவர்களை உள்ளே விடாமல் பூட்டிவிட்டு, அவர்கள் தாமதமாக வந்தார்கள் என்று புத்தகத்தில் எழுதியவர், அதே பூட்டை எத்தனை பேருக்குப் போடுவார்? இந்தக் கேள்விகளுக்கு இயக்குநர் அவர்கள் ஆறு சொல்லிலோ அறுபது சொல்லிலோ பதில் சொல்லலாம். தேநீருக்குப் பிறகு நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.

ஆனால் அம்மா, கேட்டுக்கொண்டிருந்தால் மட்டும் போதாது என்று உங்களிடம்தான் படித்தோம். பதிவேட்டு அக்கா நிலையத்தின் விதிப்புத்தகத்தைத் தேடி எடுத்தார். அலமாரிக்கு அடியில், அலமாரி ஆடாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். அதில் பரிந்துரைப் பட்டியலுக்கு வேண்டியது பாடம் நடத்தும் இரண்டு ஆசிரியர்களின் கையெழுத்து என்று இருக்கிறது. இயக்குநர் கையெழுத்து என்பது நாமாகவே பழக்கிக்கொண்ட வழக்கம்.

நேற்று நாங்கள் ஆசிரியர்கள் நான்கு பேரும் தனித்தனி அறையில் உட்கார்ந்து, விடைப் புத்தகத்தை வெளியே வைத்துவிட்டு, இருபத்து மூன்று தாளையும் முதலிலிருந்து திருத்தினோம். காற்புள்ளி சார் ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை படித்தார். கடைசித் தாளை முடித்தபோது அவர் கையில் இருந்தது பச்சைப் பேனா. நான்கு பேரின் மதிப்பெண்ணும் பதினேழாம் கேள்வியில் ஒன்றாகவே இருந்தது. அது நீங்கள் போட்ட மதிப்பெண்தான். திருத்தியது மோசடி என்றால் இனி நான்கு மோசடிக்காரர்கள் மேல் புகார் எழுதவேண்டும். அக்காவையும் மற்ற இருவரையும் சேர்த்தால் ஏழு. எழுதட்டும். தேதியும் கையெழுத்தும் தயாராக இருக்கின்றன.

இந்த மடல் கண்ணாடிச் சட்டமிட்டு உங்கள் கைக்கு வருகிறது. இன்னொரு படி கீழே அறிவிப்புப் பலகையில், இயக்குநர் அறைக் கதவுக்கு நேர் எதிரே ஒட்டப்பட்டிருக்கிறது. உங்கள் பெயரில் படிந்த சேற்றை அது துடைக்கட்டும். பிஸ்கட் டின்னை மட்டும் தரமாட்டோம். அதைக் கேட்காதீர்கள். அடுத்த வாரம் அதில் முதல் சீட்டாக விழப்போகும் வாக்கியம் 'இனி யாரு கேக்கப் போறா?' என்பது. தரப்போகும் சொல்லையும் யோசித்து வைத்துவிட்டோம்.

மூன்று மாடிப் படிகளை இன்னும் முப்பது ஆண்டுகள் எங்களுக்கு முன்னால் ஏறும் காலும், பிழையைத் தூரத்திலேயே கண்டுபிடிக்கும் கண்ணும், சிரிக்க வைத்துவிட்டுத் தான் சிரிக்காத அந்த முகமும் உங்களுக்கு நிலைத்திருக்கட்டும். வீட்டில் எந்தக் கதவும் உங்களுக்கு முன்னால் பூட்டப்படாமல் இருக்கட்டும். வெயில் இறங்கும் நேரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, யாரையும் திருத்தாமல், ஒரு முழுப் புத்தகத்தை நீங்கள் படித்து முடிக்கும் அமைதி வாய்க்கட்டும்.

கடைசியாக ஒன்று. தேர்வுக்குப் பதிவு செய்ய இன்று மாலை ஐந்து மணிவரைதான் நேரம். இப்போது மணி நாலேமுக்கால். நீங்கள் சுவர்க் கடிகாரத்தையும், கடைசி வரிசையில் நிற்கும் பல்செட் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பது எங்களுக்குத் தெரிகிறது. பட்டியல் என்ன ஆனது என்று அறியாமல்தான் அவரும் நிற்கிறார். உங்கள் கடிதத்துக்கான பதிலை இந்த மேடைக்கென்றே வைத்திருந்தோம். இருபத்து மூன்று பெயர்களோடும் எங்கள் கையெழுத்தோடும் பட்டியல் இன்று நண்பகலிலேயே தேர்வு வாரியத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ரசீது அக்காவின் கையில் இருக்கிறது. எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா, உங்கள் ஒன்பது பேரையும் நாங்களே சேர்த்துவிட்டோம்.

இப்படிக்கு,
பழியில் பங்கு கேட்டு, பச்சை மையில் கையெழுத்திடும்
ஆசிரியர்கள் நால்வர், பதிவேட்டு அக்கா, நூலகர், வாயிற்காவலர்

(வாயிற்காவலர் தம் கையெழுத்துக்கு அருகில் தாமே எழுதியது: இன்று நேரத்துக்கு முன்னால் கதவைப் பூட்டமாட்டேன்.)